எழுதி முடித்ததற்கான உறுதிமொழி

கவிஞருக்கு எழுபத்தெட்டு வயதாகும்வரை அவரிடம் எழுதாதே என்று யாரும் சொன்னதில்லை. எழுது என்றும் யாரும் சொன்னதில்லை, அது வேறு விஷயம். குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தபடியே, மீட்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தவர். அறுபது வருடத்தில் பதினோரு கவிதைப் புத்தகமும் மூன்று கதைப் புத்தகமும் வெளிவந்தன. ஒன்றுகூட இப்போது கடையில் கிடைக்காது. முதல் புத்தகத்தைப் போட்டவர் பதிப்பகத்தை மூடிவிட்டு பிளாஸ்டிக் வாளி விற்கப் போய்விட்டார். நான்காவது புத்தகம் கிடங்கில் மழைத்தண்ணீர் புகுந்து கூழாகிப் போனது. இரண்டாவது கதைத் தொகுதியில், பைண்டிங் செய்தவரின் கைங்கரியத்தால், நடுவில் பதினாறு பக்கம் மூட்டுவலி வைத்தியக் கையேடு சேர்ந்துகொண்டது. அந்தப் புத்தகத்துக்குத்தான் வாசகர் கடிதம் அதிகம் வந்தது. எழுதியவர்கள் எல்லாரும் முழங்கால் தேவலை என்றே எழுதியிருந்தார்கள்.

ஒரு வாரப்பத்திரிகை அவருடைய கவிதையின் கடைசி நாலு வரியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் தலைமுடித் தைல விளம்பரம் போட்டது. முடிவு பிரமாதம் என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். கவிஞர் அதையும் பொறுத்துக்கொண்டார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். எழுதியதெல்லாம் ஒரே புத்தகமாக, கெட்டி அட்டையோடு, முதுகில் தன் பெயரோடு வரவேண்டும். கண்ணை மூடுவதற்குள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் கணக்கு டீச்சர். கவிஞரும் அப்படித்தான் கூப்பிடுவார். பதினான்கு புத்தகத்திலும் ஒவ்வொரு பிரதியை எண் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்திருந்தது அந்த அம்மாள்தான். கவிஞரை விட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் இலக்கியப் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. பேரவை 'வாழும்போதே முழுமை' என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறதாம். அதில் கவிஞரின் படைப்புகளை முழுத் தொகுப்பாக வெளியிட முடிவாகியிருக்கிறதாம். கவிஞர் கடிதத்தை மூன்று தடவை படித்தார். டீச்சர் ஒரே தடவை படித்துவிட்டு, "கீழே விதி பதினாலுன்னு சின்ன எழுத்துல என்னவோ போட்டிருக்கு, அதைப் பாருங்க" என்றார்.

"நல்ல காரியம் நடக்கும்போது சின்ன எழுத்தை எதுக்குப் பாக்குறே டீச்சர்?" என்று சொல்லிவிட்டுக் கவிஞர் பஸ் ஏறினார்.

பேரவையின் கட்டடம் பெரியது. வாசலிலிருந்து செயலாளர் அறைக்குப் போவதற்குள் நாலு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் எழுந்து நின்று வரவேற்றார். அவர் மேஜைமேல் புத்தகம் எதுவும் இல்லை. முத்திரைக் கட்டைகள் மட்டும் உயரவாரியாக அடுக்கியிருந்தன.

"ஐயா, இதுவரைக்கும் நாங்க காலமான கவிஞர்களுக்குத்தான் முழுத் தொகுப்பு போட்டுக்கிட்டு இருந்தோம். ஏன்னா அவங்கதான் முழுமையானவங்க. உயிரோட இருக்கிறவங்களும் பலன் அடையட்டும்னு இப்பத்தான் பெரிய மனசு பண்ணி விதியைத் தளர்த்தியிருக்கோம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. விதி பதினாலுபடி, இனிமே எழுத மாட்டேன்னு ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுக்கணும்."

கவிஞருக்குக் காது சரியாகத்தான் கேட்டது. இருந்தாலும், "என்ன மாட்டேன்னு?" என்றார்.

"எழுத மாட்டேன்னு. முழுத் தொகுப்புன்னு அட்டையில போடறோம். போட்டதுக்கு அப்புறம் நீங்க பாட்டுக்கு இன்னொரு கவிதை எழுதிட்டா அது எப்படி முழுசாகும்? பொய்யான அட்டை போட்டதா ஆயிடாதா? எனக்கு முந்தி இருந்தவர் விதியை மீறி, உயிரோட இருந்த ஒரு கவிஞரை நம்பிப் போட்டார். புத்தகம் பைண்டிங்ல இருக்கும்போது அந்த மனுஷன் மூணு கவிதை எழுதிட்டார். விசாரணை, மெமோ, பதவி உயர்வு போச்சு. கவிஞர்களை நம்பக்கூடாதுங்கிறது இந்த ஆபீஸோட அனுபவம். உங்களைச் சொல்லலை."

"முழுங்கிறதை எடுத்துட்டு வெறும் தொகுப்புன்னு போடலாமே."

செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வெறும் தொகுப்புக்குத் திட்டம் இல்லையே ஐயா" என்றார்.

கவிஞர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தார். உண்மையைச் சொன்னால் கடைசி மூன்று வருடத்தில் அவர் எழுதியதே ஆறு கவிதைதான். அதில் இரண்டு பிடிக்காமல் கிழித்தாயிற்று. எழுதாமல் இருப்பது அவருக்குப் பெரிய கஷ்டம் இல்லை. எழுதக்கூடாது என்று ஒருவன் சொல்லி, அதற்குத் தான் தலையாட்டுவதுதான் உறுத்தியது. ஆனாலும் புத்தகம். முதுகில் பெயர். மூன்றாம் நாள் ஒரு தாளை எடுத்து எழுதினார்.

'நான் இனி எழுத மாட்டேன். இது என் முடிவு. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. என் கண் நன்றாகத் தெரிகிறது.'

கண் தெரிகிறது என்பதை அவராகச் சேர்க்கவில்லை. உடல்நலக் குறைவால் எடுத்த முடிவு அல்ல என்று காட்ட ஏதாவது எழுத வேண்டுமென்று விதியில் இருந்தது.

உறுதிமொழி நிபுணர் குழுவுக்குப் போனது. குழு என்றால் ஒரே ஆள்தான். 'எனது அளவுகோலின்படி' என்று தொடங்காமல் அவர் வாயைத் திறக்க மாட்டார் என்பதால் எழுதுகிற கூட்டத்தில் அவருக்கு அளவுகோல் என்றே பெயர். கவிஞரின் பதினோரு கவிதைப் புத்தகத்துக்கும் மதிப்புரை எழுதியவர் அவர். எல்லாவற்றிலும் ஒரே தீர்ப்புதான்: கவிதை இல்லை. ஏழாவது புத்தகத்துக்கு எழுதியதில் மட்டும் தாள் நல்ல தாள் என்று ஒரு வரி பாராட்டியிருந்தார்.

பத்தாம் நாள் அளவுகோலின் அறிக்கை வந்தது. 'எனது அளவுகோலின்படி இது உறுதிமொழி அன்று, கவிதை. மூன்றாம் வாக்கியத்துக்கும் நான்காம் வாக்கியத்துக்கும் இடையிலுள்ள மௌனம் கனமானது. பார்வை இருந்தும் எழுத மறுக்கும் ஒருவனின் துயரம் இதில் அதிராமல் ஒலிக்கிறது. இவர் அறுபதாண்டுகளில் எழுதியவற்றுள் கவிதை என்று சொல்லத்தக்கது இது ஒன்றே. ஆகவே இவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது நிரூபணமாவதால் தொகுப்பு முழுமையாகாது.'

கவிஞருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்தார். பிறகு கோபம் வந்தது.

"பதினோரு புத்தகம் எழுதினேன், ஒரு வரி தேறலைன்னான். எழுத மாட்டேன்னு எழுதினேன், கவிதைங்கிறான்."

"கவிதையா எழுதிட்டு அப்புறம் குத்துதே குடையுதேன்னா?" என்றார் டீச்சர். "இந்தத் தடவை நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. லீவ் லெட்டர் மாதிரி எழுதினா எவனும் கவிதைன்னு சொல்ல மாட்டான்."

டீச்சர் சொல்லச் சொல்லக் கவிஞர் எழுதினார். 'பொருள்: எழுதாமை தொடர்பாக. பார்வை: தங்கள் கடிதம் எண் 212. ஐயா, மேற்படி பொருள் குறித்து நான் எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

அதுவும் திரும்பி வந்தது. பொருள், பார்வை என்ற இரண்டு சொல்லும் இரட்டைப் பொருளில் நிற்கின்றனவாம். அலுவலகக் கடித வடிவத்தையே கவிதையாக்கிய துணிச்சலான சோதனை முயற்சியாம். 'எழுபத்தெட்டு வயதில் இந்த இளமை வியப்பளிக்கிறது' என்று அளவுகோல் முடித்திருந்தார். டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருடத்தில் அவர் எழுதிய ஒரு வாக்கியத்தைக்கூட யாரும் கவிதை என்று குற்றம் சாட்டியதில்லை.

மூன்றாவது தடவை பெயர், வயது, கதவு எண், தேதி மட்டும் எழுதி, கீழே 'இல்லை' என்று ஒரே சொல்லைப் போட்டு அனுப்பினார்கள். அதற்கு வந்த அறிக்கை நாலு பக்கம்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, இதற்கென்று பேரவை ஒரு சிறப்புக் கூட்டம் போட்டது. கவிஞரும் டீச்சரும் மேஜையின் ஒரு கோடியில் உட்கார்ந்தார்கள். எதிரே செயலாளரும் அளவுகோலும். செயலாளர் ஒரு காகிதத்தைப் புரட்டினார்.

"போன செவ்வாய்க்கிழமை போஸ்ட் ஆபீஸ்ல நீங்க நின்னுக்கிட்டே எதையோ எழுதினதா ஒரு புகார் வந்திருக்கு."

"அது பதிவுத் தபாலுக்கு விலாசம்."

"எத்தனை வரி?"

"நாலு."

செயலாளர் அளவுகோலைப் பார்த்தார். அளவுகோல், "இருக்கலாம்" என்பதுபோலத் தலையசைத்தார். செயலாளர் அதைக் குறித்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். கூட்டத்தில் இருந்தது நாலே பேர் என்றாலும் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"இந்தப் பேரவை இலக்கியத்துக்காக உயிரைக் கொடுக்கிற பேரவை. இங்க முப்பது வருஷமா வேலை பார்க்கிறேன். ஒரு கவிதை படிச்சதில்லை. படிச்சா பிடிச்சவர் பிடிக்காதவர்னு வந்துடும், அப்புறம் நடுநிலைமை எங்கே இருக்கும்? எழுத்தாளர்களால இலக்கியத்துக்கு ஏற்படுற தொந்தரவைக் குறைக்கிறதுதான் எங்க வேலை. ஐயா எதை எழுதினாலும் அது கவிதையாயிடுதுன்னு நிபுணர் சொல்றார். அப்ப ஒரே வழிதான். ஐயா எழுதவே வேண்டாம். கைநாட்டு வைக்கட்டும்."

அறுபது வருடம் எழுதிய மனிதனைப் பார்த்துக் கைநாட்டு வை என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் டீச்சருக்கு மட்டும்தான் உறைத்ததுபோல் இருந்தது. செயலாளர் அதற்குள் படிவத்தை எடுத்துவிட்டார். பழைய அச்சடித்த படிவம். கீழே ஒரு வாசகம் இருந்தது: 'மேற்படி நபர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால், இதிலுள்ளவை அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டு, எங்கள் முன்னிலையில் பெருவிரல் ரேகை பெறப்பட்டது.' சாட்சிக்கு இரண்டு கோடு.

"நீங்க ஒரு சாட்சி போடுங்கம்மா" என்று பேனாவை நீட்டினார்.

"எழுதப் படிக்கத் தெரியாதவர்னு நான் போடணுமா? இவரு எழுதினதைத்தான் நான் கட்டிக் காத்துக்கிட்டு இருக்கேன்."

"அது அச்சடிச்ச வாசகம்மா. அதையெல்லாம் யாரு படிக்கிறாங்க?"

"நான் படிச்சேன். போட மாட்டேன்." டீச்சர் கையைக் கட்டிக்கொண்டார். பிறகு கவிஞர் பக்கம் திரும்பி மெதுவாக, "வாங்க, போயிடலாம்" என்றார்.

கவிஞர் எழுந்திருக்கவில்லை. "புத்தகம் வந்துடும் டீச்சர்" என்றார். அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை. இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் வைத்து அழுத்தினார். டீச்சர் போட மறுத்த இடத்தில் அளவுகோல் கையெழுத்துப் போட்டார். இதில் தமக்குக் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை என்றும் சொன்னார்.

புத்தகம் அச்சுக்குப் போகும் என்று கவிஞர் ஒரு மாதம் காத்திருந்தார். கடிதம்தான் வந்தது. கோப்பை மறுபரிசீலனை செய்ததில் படைப்பாளி எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று தெரியவந்திருப்பதால், நூல் வெளியீட்டுப் பிரிவின் கீழ் இதை எடுத்துக்கொள்ள வழியில்லையாம். ஆனாலும் மனிதாபிமான அடிப்படையில் கோப்பு வாய்மொழி இலக்கியப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறதாம்.

அந்தப் பிரிவிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மாள் ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கு வந்தார். பேரவையில் வேலையை உண்மையாகச் செய்கிற ஒரே ஆள் அந்த அம்மாள்தான், அதனால்தான் ஆபத்தும் அதிகமாக இருந்தது.

"ஐயா, கூச்சப்படாம பாடுங்க. உங்க தாத்தா காலத்துலேருந்து வர்றது ஏதாவது?"

"அம்மா, இதெல்லாம் நான் எழுதினது. பெட்டியில அச்சடிச்ச புத்தகம் இருக்கு."

"எங்களுக்குப் பாட்டுச் சொல்ற எல்லாத் தகவலாளரும் இப்படித்தான் சொல்வாங்க. பாட்டு அவங்களோட அவ்வளவு ஒண்ணாயிடும். எனக்கு அது புரியுது." அந்த அம்மாள் உண்மையாகவே நெகிழ்ந்தார். "எதையும் பார்த்துச் சொல்லக்கூடாது. மனசுல இருக்கிறதை மட்டும் சொல்லுங்க. சொல்றது எல்லாம் அப்படியே புத்தகமா வரும்."

புத்தகம் என்றதும் கவிஞர் அடங்கிப்போனார். ஆனால் மனசில் எங்கே இருக்கிறது? அறுநூற்றுச் சொச்சம் கவிதையில் அவருக்கு நினைவிருந்தது முப்பது. அதற்கு டீச்சர் ஒரு வழி செய்தார். பக்கத்து அறையில் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவிடுக்கில் ஒவ்வொரு வரியாக வாசித்தார். கவிஞர் இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்புக் கேட்பதை ஆய்வாளர் அம்மாள் 'முன்னோர் குரலை உற்றுக் கேட்டபின் பாடுகிறார்' என்று எழுதிக்கொண்டார். இப்படிப் பதினோரு நாள். கல்யாணமாகி ஐம்பது வருடத்தில் டீச்சர் அவருடைய கவிதை அத்தனையையும் வாய்விட்டு வாசித்தது அப்போதுதான். ஏழாம் நாள் சாப்பிடும்போது, "மாடி ஜன்னல்ல ஒருத்தி தலை துவட்டினாளே, அது எந்த வீட்டு மீட்டர்?" என்று கேட்டார். கவிஞர் சாப்பாட்டில் கவனமாக இருந்தார்.

புத்தகம் வந்துவிட்டது. கெட்டி அட்டை, எண்ணூறு பக்கம். அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை. முதுகில் 'நாவில் வாழ்ந்த பாடல்கள்' என்று இருந்தது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மக்கள்' என்று போட்டிருந்தார்கள். கவிஞர் பக்கம் பக்கமாகத் தள்ளினார். எல்லாம் அவருடையதுதான். மீட்டர் முள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே ஒருவன் பெண்டாட்டியை நினைக்கிற கவிதைக்கு அடிக்குறிப்பு கொடுத்திருந்தார்கள்: 'மீட்டர்: தாள அளவைக் குறிக்கும் வழக்குச் சொல்லாக இருக்கலாம்.' கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அவர் கிடைத்தார். 'தகவலாளர்: ஆண், வயது 78. கல்வி: இல்லை.'

கவிஞர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளையை வளர்த்து ஆளாக்கி அடுத்தவன் வீட்டுப் பிள்ளையாகப் பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் முக்கால் பக்கத்துக்கு மதிப்புரை வந்தது. எழுதியவர் அளவுகோல். டீச்சர் வாசிக்க, கவிஞர் கேட்டார். 'எனது அளவுகோலே இந்நூலின்முன் போதவில்லை. எழுத்தறியாத எளிய மனிதர்களின் நாவில் இவ்வளவு நுட்பமா? இதில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கவிதை. இத்தனை ஆண்டுகள் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். கவிஞர்கள் என்று சொல்லிக்கொண்டு புத்தகம் போடுகிறவர்கள் ஒருமுறை இதைப் படித்துவிட்டுப் பேனாவைத் தொடட்டும்.'

"இன்னொரு தடவை படி" என்றார் கவிஞர்.

டீச்சர் படித்தார். கவிஞரின் கண் கலங்கியது. இந்த ஆளிடமிருந்து இப்படி நாலு வார்த்தைக்காக அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளைப் பிரித்திருக்கிறார் என்பது அவருக்கும் டீச்சருக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியே எழுந்துபோய்ச் செய்தித்தாள் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். சுற்றி வளைக்கவில்லை. இந்தக் கவிதைகளை எழுதியவன் நான், இன்ன புத்தகத்தில் இன்ன வருடம் வந்தது, எனக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். உறையில் போட்டுவிட்டு, இருக்கட்டும் என்று செயலாளருக்கும் போனில் ஒரு வார்த்தை சொன்னார்.

செயலாளர் பதறிப்போனார். "ஐயா, அவசரப்படாதீங்க. நீங்க எழுதப் படிக்கத் தெரியாதவர்னு சாட்சியோட ஆவணம் இருக்கு. இப்ப உங்க கையால கடுதாசி வந்தா, கைநாட்டு பொய்யாயிடும். கைநாட்டு பொய்னா புத்தகம் செல்லாது. அத்தனை பிரதியையும் திரும்ப வாங்கிக் கிடங்குல போட்டுடுவோம். அது மட்டுமா? எழுதினது நீங்கன்னு தெரிஞ்சா அந்த நிபுணர் மதிப்புரையை மாத்திடுவார். அவர் கொள்கைவாதி. ஊரே கொண்டாடுது, உங்க பாட்டுத்தானே? பேரு இல்லாட்டி என்ன, பேசாம சந்தோஷமா இருங்களேன்."

கவிஞர் போனை வைத்துவிட்டு மதிப்புரையை ஒரு கையிலும் உறையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செயலாளர் வாயிலிருந்து முதல் தடவையாக ஒரு நியாயமான வார்த்தை வந்திருப்பதாகத் தோன்றியது அவருக்கு. அதனால் எரிச்சல் இன்னும் அதிகமானது. தன் பெயர் ஒட்டாதவரை கவிதை நல்ல கவிதை. பெயர் ஒட்டினால் மறுபடியும் கிடங்கு, மறுபடியும் கூழ். கவிதையாவது நன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாமா? தனக்கே நினைவிருந்த முப்பது கவிதையை மட்டும் அல்ல, அறுநூறையும் யாரோ எங்கோ படிக்கிறார்கள். அது சின்ன விஷயமா?

டீச்சர் எதிரே வந்து உட்கார்ந்தார். "என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"போட்டா அவன் மறுபடியும் திட்டுவான்."

"திட்டுவான்."

"புத்தகமும் போயிடும்."

"போயிடும்."

கவிஞர் உறையைத் திருப்பிப் பார்த்தார். அனுப்புநர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். பேனாவை எடுத்துத் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக, பிசகில்லாமல் எழுதினார்.

"திட்டட்டும்" என்றார். "என் பேரைச் சொல்லித் திட்டட்டும்."

டீச்சர் உறையை வாங்கித் தபால்தலையை நக்கி ஒட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.